கடல் போலீஸ் வேலைக்குப் போகணும், போட் அனுபவம் எப்படி சேர்க்கறது?

டிகிரி முடிச்சாச்சு, நீச்சல் நல்லா வரும், ஆனா போட்டுல ஏறினதே ரெண்டு மூணு தடவை, அதுவும் சும்மா பயணியா, ஒரு பழைய ஸ்பீட்போட் வாங்கி ஓட்டிப் பழகினா வேலைக்கு உதவுமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்க. பதினோரு வருஷம் ரோந்து படகுல ஓட்டியிருக்கேன், இன்னிக்கு வரைக்கும் எனக்குன்னு சொந்தமா ஒரு துடுப்பு கூட கிடையாது. சொந்த போட் இருந்தா பாதி நேரம் ரிப்பேர்லயும் மீதி நேரம் அதுக்கு பணம் தேடறதுலயும் போயிடும். உங்களுக்கு வேண்டியது மத்தவங்க போட்டு, அதுவும் ஒண்ணு இல்ல, விதவிதமா நாலஞ்சு.

முதல்ல ஒரு விஷயம். பல நாடுகள்ல நேரா கடல் பிரிவுக்கு ஆள் எடுக்க மாட்டாங்க, முதல்ல சாதா போலீசா சேந்து சில வருஷம் கரையில வேலை பாத்துட்டு அப்புறம்தான் அந்தப் பிரிவுக்கு அப்ளை பண்ண முடியும். கோஸ்ட் கார்டு மாதிரி அமைப்புன்னா நேரா எடுத்து அவங்களே ட்ரெய்னிங் குடுப்பாங்க. ரெண்டுலயும் நீங்க வரும்போதே கேப்டனா இருக்கணும்னு யாரும் எதிர்பாக்கல. இவன் அலையில வாந்தி எடுத்துட்டு மூலையில சுருண்டுக்குவானா, கயிறு கொடுத்தா எங்க கட்டணும்னு தெரியுமா, சொன்னா கேப்பானா, இதைத்தான் பாப்பாங்க.

நான் சேரும்போது எனக்கும் உங்கள மாதிரியே ஒரு நினைப்பு, வேகமா ஓட்டத் தெரிஞ்சா போதும்னு. முதல் வாரம் ஸ்கிப்பர் அண்ணன், அதான் படகோட கேப்டன், என்னை ஒரு மிதவை கிட்ட கூட்டிட்டு போய், "இதை இடிக்காம பக்கத்துல நிறுத்து, கைய நீட்டித் தொடு, அப்புறம் விலகு"ன்னாரு. அவ்வளவுதான் வேலை. ரெண்டு மணி நேரம். முதல் பதினஞ்சு தடவையும் ஒண்ணு இடிச்சேன், இல்லன்னா காத்து என்னை தள்ளிட்டு போயிடுச்சு. கார்ல ஸ்டீயரிங் திருப்பினா முன்பக்கம் திரும்பும், பின்னாடி தானா வரும். போட்டுல முன்பக்கத்துலேர்ந்து கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு தூரத்துல ஒரு புள்ளி, அதை வச்சுதான் மொத்தமும் சுத்தும், பின்பக்கம் வெளிய வீசும். பிரேக்கும் கிடையாது. இது மண்டையில ஏறவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

வேலையே இதுதாங்க. துரத்திப் பிடிக்கறதெல்லாம் வருஷத்துல சில நாள். தினமும் நடக்கறது இன்னொரு போட் பக்கத்துல போய் ஒட்டி நின்னு, ஆள் ஏறி, சோதனை பண்ணி, திரும்ப இறங்கறது. பெரிய போட் ஓடிக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல போனீங்கன்னா அதோட முன்பக்கம் உங்கள தள்ளும், நடுப்பக்கம் உள்ள இழுக்கும், ரெண்டையும் கைல உணரணும். விலகும்போது பதட்டத்துல சட்டுனு சுக்கான திருப்பினா உங்க பின்பக்கம் போய் அவன் மேல மோதும். நான் ஒருதடவை மோதாம தடுக்கறேன்னு ரெண்டு போட்டுக்கும் நடுவுல கைய வச்சேன். விரல் நகம் ரெண்டு போச்சு, எலும்பு தப்பிச்சது அதிர்ஷ்டம். போட் ஓரத்துல இடி தாங்கத் தொங்கவிடற ஃபெண்டர் எதுக்கு இருக்குன்னு அன்னிக்கு புரிஞ்சது.

சரி, போட்டுல அந்தப் பழக்கம் வர்ற அளவுக்கு நேரத்தை எங்க சேர்க்கறது? எனக்குத் தெரிஞ்சு பெஸ்ட் தன்னார்வ மீட்புக் குழு. பிரிட்டன்ல ஆர்என்எல்ஐ 1824லேர்ந்து இருக்கு, அதோட மீட்பு படகுகள்ல பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் போறாங்க, அமெரிக்காவுல கோஸ்ட் கார்டு ஆக்ஸிலரி 1939லேர்ந்து. உங்க கரையில அந்த மாதிரி எது இருந்தாலும் போய் நில்லுங்க, முதல் ஆறு மாசம் போட் கழுவ விட்டாலும் கழுவுங்க. கழுவும்போதுதான் இன்ஜின் கண்ணுல படும். அவுட்போர்டு, அதாவது போட் பின்னாடி வெளிய மாட்டியிருக்கற இன்ஜின், ஸ்டார்ட் பண்ணினதும் சைடுல ஊசி மாதிரி தண்ணி பீச்சி அடிக்கும் பாருங்க, அது நின்னா கூலிங் இல்லன்னு அர்த்தம், உள்ள ஒரு பாலிதீன் கவர் சிக்கியிருந்தாலே போதும், கொஞ்ச நேரத்துல இன்ஜின் காலி. ஸ்டார்ட் பண்ணினதும் தலைய திருப்பி அந்தத் தண்ணிய பாக்கற பழக்கம் இருக்கற ஆளை எந்த ஸ்கிப்பரும் ஒரே நாள்ல கண்டுபிடிச்சிடுவாரு.

அடுத்தது மீன்பிடி படகு. நிறைய பேர் இதை கேவலமா நினைக்கறாங்க, எனக்கு அது மேல கோவமே வரும். நீங்க நாளைக்கு தினமும் பேசப்போறது மீனவங்க கிட்டதான். வலை போட்டிருக்கும்போது அவரால சட்டுனு நிக்க முடியாது, திரும்பவும் முடியாது, இது தெரியாத புது ஆபீசர் வந்து "ஏன் நிக்கல"ன்னு கத்துவாரு. ராத்திரி பச்சை விளக்கு மேல, வெள்ளை கீழ இருந்தா ட்ரால் வலை, அதாவது படகு பின்னாடி இழுத்துட்டே போற வலை, இழுக்கறாங்க, சிவப்பு மேல வெள்ளை கீழன்னா வேற வகை மீன்பிடி. புத்தகத்துல படிச்சது இருட்டுல ஞாபகம் வராது, அந்தப் படகுலயே நாலு ராத்திரி இருந்தா தானா வரும்.

காத்து என்ன பண்ணும்னு கத்துக்க சின்ன பாய்மரப் படகை விட நல்ல வாத்தியார் இல்ல. இன்ஜின் இருந்தா காத்தை ஏமாத்திடலாம், பாய்ல முடியாது.

படிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, 1972 மோதல் தடுப்பு விதிகள், உலகம் முழுக்க செல்லும். அதுல எனக்கு அதிகம் பயன்பட்டது ஒரு சின்ன விஷயம்: நெருங்கி வர்ற கப்பலோட திசை திசைகாட்டியில மாறாம அப்படியே இருந்தா மோதப் போறீங்கன்னு அர்த்தம். கூடவே படகுல பேசற விஎச்எஃப் ரேடியோவுக்கான சர்டிஃபிகேட் எடுத்துடுங்க, அவசரத்துக்கு சேனல் 16. மைக்கை பிடிச்சதும் வாய் குழறுதான்னு முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லது, எனக்கு குழறுச்சு.

சட்டமும் போட் ஓட்டறதும் எங்க ஒண்ணா சேருதுன்னு கேட்டீங்கன்னா, நேரமும் இடமும் எழுதி வைக்கறதுல. 1982 கடல் சட்ட ஒப்பந்தத்துல 111வது பிரிவு துரத்திப் பிடிக்கறதைப் பத்தி. நிறுத்துன்னு சிக்னல் தப்பிச்சு ஓடற படகுக்காரனுக்கு தெரியற இல்ல கேக்கற தூரத்துலேர்ந்து குடுத்திருக்கணும், துரத்தல் நடுவுல விட்டுப் போகக்கூடாது, அவன் தன்னோட நாட்டு கடல் எல்லைக்குள்ளயோ வேற நாட்டுதுக்குள்ளயோ போயிட்டா அங்கயே முடிஞ்சது. கோர்ட்ல வக்கீல் கேக்கறது நீங்க எவ்வளவு வீரமா ஓட்டினீங்கன்னு இல்ல, எத்தனை மணிக்கு எங்க இருந்தீங்கன்னு. அதனால இப்பவே ஒரு நோட்டு போடுங்க. தேதி, எந்த போட், எவ்வளவு நீளம், இன்ஜின் என்ன, காத்து அலை எப்படி, நீங்க என்ன வேலை செஞ்சீங்க, எத்தனை மணி நேரம், கீழ ஸ்கிப்பர் கையெழுத்து. பண்ணின தப்பையும் எழுதுங்க. என் இன்டர்வியூல சர்டிஃபிகேட்டை எல்லாம் ஒரு புரட்டு புரட்டிட்டு வச்சுட்டாங்க, நோட்டுல "கயிறு ப்ரொப்பல்லர்ல சுத்திடுச்சு, என் கவனக்குறைவு"ன்னு எழுதியிருந்த பக்கத்துலதான் இருபது நிமிஷம் பேசினாங்க.

எந்த போட்டுல போனாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்க, நீச்சல் தெரியும்னு கதை விடாதீங்க. குளிர்ந்த தண்ணியில விழுந்தா முதல் ஒரு நிமிஷம் மூச்சு கட்டுப்பாட்டுல இருக்காது, கை கால் ஒழுங்கா வேலை செய்யறது சுமாரா பத்து நிமிஷம்தான், எவ்வளவு பெரிய நீச்சல்காரனா இருந்தாலும். சுக்கான் பிடிக்கறவங்க கில் கார்டை, அதாவது இன்ஜின் சுவிட்சோட இணைச்ச கயித்தை, தொடையில மாட்டிக்கோங்க, நீங்க தூக்கி எறியப்பட்டா இன்ஜின் நிக்கும். இல்லன்னா ஆள் இல்லாத போட் வட்டமா சுத்தி உங்க மேலயே திரும்ப வரும்.

ஆங், முக்கியமானதை மறந்துட்டேன், இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். கண்ணுக்கு கலர் சரியா தெரியுதான்னு டெஸ்ட் எடுங்க, இன்னிக்கே. கடல்ல எல்லாம் சிவப்பு பச்சை விளக்குதான், அதுல குழப்பம் இருந்தா நிறைய இடத்துல மெடிக்கல்லயே அனுப்பிடுவாங்க. என்கூட பழகின ஒரு பையன் ரெண்டு வருஷம் அத்தனை போட்லயும் உழைச்சு, நோட்டெல்லாம் நிரப்பி, கடைசியில அந்த புள்ளி புள்ளி படத்துல நம்பர் தெரியலன்னு வெளிய வந்து நின்னான். கண் டாக்டர் கிட்ட பத்து நிமிஷ வேலை.