மூன்று மணி நேரம் பார்த்தும் ஒரு வாக்கியம் வரவில்லையே?

"சீன வகுப்பில் சேர்ந்து ஆறு மாதமாகிறது. தினமும் இரவில் மூன்று மணி நேரம் கொரியத் தொடரும் சீனத் தொடரும் பார்க்கிறேன். ஆனால் கடைக்குச் சீனர் யாராவது வந்தால் வாயே திறக்க வரவில்லை. தொடர் பார்ப்பதை விட்டுவிடட்டுமா?" என்று ரங்கூன் தாம்வேயிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

விட வேண்டாம் அம்மா. பார்க்கும் விதத்தை மாற்றுங்கள், போதும். திரையில் பர்மிய வரி ஓடினால் கண் அதைத்தான் படிக்கும், காது சும்மா இருந்துவிடும். அந்த மூன்று மணி நேரமும் நீங்கள் பர்மியம்தான் படித்திருக்கிறீர்கள்.

சீனத் தொடர்களில் பெரும்பாலும் சீன எழுத்திலும் வசனம் ஓடும். அது இருக்கட்டும். பர்மிய வரியை அணைத்துவிடுங்கள், முடியாவிட்டால் காகிதம் ஒட்டி மறையுங்கள். முழு எபிசோடு வேண்டாம், இரண்டு நிமிடக் காட்சி ஒன்று போதும். முதல் தடவை கேளுங்கள், அடுத்த தடவை எழுத்தைப் பாருங்கள், அப்புறம் நடிகரோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லுங்கள். மறுநாளும் அதே இரண்டு நிமிடம்.

ரங்கூன் தமிழருக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. 'சாப்பிட்டு வயிறு நிறைந்தது' என்பதற்குச் சீனத்தில் 'ச்சீ பாவ் லெ'. 'ஓடிவிட்டான்' என்பதற்கு 'பாவ் லெ'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'பாவ்'. வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்: முதல் 'பாவ்' சொல்லும்போது மூச்சு படாது, இரண்டாவது 'பாவ்' சொல்லும்போது சூடாகப் படும். பர்மிய நெடுங்கணக்கின் முதல் இரண்டு எழுத்துகளுக்குள்ள அதே வேறுபாடுதான். தொனி மாறினால் பொருள் மாறுவதும் பர்மியத்தில் உங்களுக்குப் பழக்கமானதே. அதனால் குறிப்பேட்டில் சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்காதீர்கள். சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் காட்டும் பினயினோ, பர்மிய எழுத்தோ நல்லது.

அரசர் காலத்துத் தொடர்கள் இப்போது வேண்டாம். பேரரசர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் 'ஜென்' என்ற சொல்லை இன்று கடைத்தெருவில் யாரும் சொல்வதில்லை. ஹாங்காங் தொடர்கள் கான்டனீஸ் மொழியில் இருக்கும். ரங்கூனின் சீனர் வட்டாரமான லத்தா பக்கத்துப் பெரியவர்கள் பேசும் ஹொக்கியனும் கான்டனீஸும் நீங்கள் படிக்கும் மாண்டரின் அல்ல. அங்கே ஒன்றும் புரியவில்லை என்று மனம் தளர வேண்டாம். கொரியத் தொடரை வீட்டாரோடு சந்தோஷமாகப் பாருங்கள், படிப்புக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

இந்தக் காலத்துக் கதையில் கடை, சந்தை வரும் காட்சிகளாகத் தேடிப் பிடியுங்கள். 'துவோ ஷாவ் ச்சியென்' என்றால் 'எவ்வளவு?'. 'பியென்யி ஈதியென்' என்றால் 'கொஞ்சம் குறைத்துக்கொடுங்கள்'. இந்தப் 'பி'யும் மூச்சு வரும் எழுத்துதான். வாங்க வந்தவர் கேட்டு முடித்ததும் படத்தை நிறுத்துங்கள். கடைக்காரர் சொல்வதற்கு முன் பதிலை நீங்கள் சொல்லிவிட்டு, அப்புறம் ஓடவிடுங்கள்.