வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுப்பவர்களுக்குப் பயிற்சி எதற்கு?

பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்களா நாம், இதற்கு வகுப்பு எதற்கு என்ற கேள்வி, மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற எங்கள் தோட்டப்புற ஊர்களில் எழுவது இயல்பே.

வேறு நாட்டில் பிறந்த குழந்தையைச் சட்டப்படி தம் பிள்ளையாக்கிக்கொள்ள விரும்புவோருக்கு, அது வீடு வந்து சேரும் முன்பே தரப்படும் ஆலோசனையும் பாடமுமே இந்தப் பயிற்சி. குழந்தையை ஏற்கும் நாடு, பெற்றோரின் தகுதியை ஆராய்ந்து, அவர்கள் தேவையான ஆலோசனை பெற்றதையும் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது நாடுகளுக்கு இடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை. அமெரிக்கா குறைந்தது 10 மணி நேரப் பயிற்சியை விதித்துள்ளது. (மலேசியா அவ்வுடன்படிக்கையில் சேரவில்லை, ஆகவே இங்குள்ளவர்கள் இரு நாட்டுச் சட்டங்களையும் முதலில் வழக்கறிஞரிடம் கேட்டறிவது நல்லது.)

மொழி, உணவு, வாசனை, தூக்கி வளர்த்த கைகள் என அனைத்தையும் அந்தக் குழந்தை ஒரே நாளில் இழக்கிறது. ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தில் வளர்ந்த பிள்ளை, தட்டில் மிஞ்சிய ரொட்டியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கலாம். அதைத் திருட்டு என்று கண்டிக்காமல், பழைய பசியின் பயம் என்று புரிந்துகொள்ள முன்னறிவு வேண்டும்.

செம்பனை நாற்றை நடுபவர், குழியை முன்பே வெட்டி வைத்து, பையைக் கிழித்தாலும் வேரைச் சுற்றிய மண் உதிராமல் பார்த்துத்தான் இறக்குவார். குழந்தையின் பெயரும் மொழியும் பிறந்த ஊரைப் பற்றிய செய்தியும் அந்த மண். பயிற்சி என்பது குழி வெட்டும் வேலை.

பெற்றோரின் அன்பைச் சந்தேகித்தே இவ்வகுப்பு நடத்தப்படுகிறது என்று பலர் எண்ணுவது தவறு. சொந்தப் பிள்ளைகளை நன்றாக வளர்த்து ஆளாக்கியவர்களுக்கும் குழந்தையின் இந்த இழப்பைக் கையாளும் அனுபவம் இருப்பதில்லை என்பதே இதற்குக் காரணம்.