லடாக்கில் உள்ள லே விமான நிலையம் 10,000 அடிக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் ஸ்ரீநகர் அளவுக்கு அங்கே பனி கொட்டுவதில்லையே, ஏன்?

உயரம் குளிரைத்தான் தரும். பனி பெய்ய ஈரம் வேண்டும், அதைக் காற்றுதான் கொண்டுவர வேண்டும். லே சுமார் 3,250 மீட்டர் உயரம், ஸ்ரீநகர் அதில் பாதி. ஆனால் ஈரம் முதலில் போய்ச் சேர்வது ஸ்ரீநகர் பக்கம்தான்.

கடலூர்க்காரர்களான நமக்கு இது பழகிய சங்கதி. ஆனி, ஆடியில் கேரளாவில் கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவக்காற்று, மலையைத் தாண்டி நம்மூருக்கு வரும்போது அனல் காற்றாகத்தானே வருகிறது? லேவுக்கும் அதே கதிதான். என்ன, அங்கே குறுக்கே நிற்கும் மலைத்தொடர்கள் அதிகம்.

குளிர்காலத்தில் சுமார் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து அதிவேகமாக ஓடும் ஜெட் காற்று, தெற்கே இறங்கி இமயமலையை ஒட்டி வீசும். அதன் போக்கில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றழுத்தத் தாழ்வுகள் வரும். வானிலை அறிக்கையில் 'மேற்கத்திய இடையூறு' என்று சொல்வது இவற்றைத்தான். இவை கொண்டுவரும் ஈரத்தில் பெரும்பங்கை பீர் பாஞ்சால் மலைத்தொடரும் அதற்கு அடுத்த இமயத் தொடரும் வாங்கிக்கொள்ளும். காஷ்மீரின் குல்மார்க்கில் ஆளுயரத்துக்குப் பனி குவிவது இப்படித்தான். மிச்சம் மீதிதான் லேவுக்கு. அங்கே மழை, பனி எல்லாம் சேர்த்து வருடத்துக்கே 10 செ.மீ. அளவுதான். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது!

சில சமயம் அந்த மேற்குக் காற்று வளைந்து நன்றாகத் தெற்கே தொங்கும். அப்போது வரும் இடையூறு அரபிக்கடல் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தால், மலைகளைத் தாண்டி லேவிலும் பனி விழும். (நவம்பர், டிசம்பரில் நம் பக்கம் வரும் புயல்கள் சில வடகிழக்கே திரும்பிப் போய்விடுவதும் இதே மேற்குக் காற்றின் வளைவால்தான்.)

இப்படிப்பட்ட நாட்களில் லேவுக்குப் போகும் விமானம் ரத்தாவதற்கு ஓடுபாதைப் பனி மட்டும் காரணமில்லை. மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். மேகம் தாழ்ந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று பலமாகிவிடும் என்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடும். ஒரு காலைப் பொழுது கெட்டால் அன்றைய பயணம் போச்சு.

ஜனவரியில் போகிறவர்கள் லேவின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், மேற்கத்திய இடையூறு எதுவும் வருகிறதா என்றும் பாருங்கள். அப்புறம், சென்னை திரும்பும் டிக்கெட்டை லேவிலிருந்து டெல்லி வந்திறங்கும் அதே நாளுக்குப் போடாதீர்கள்.