செத்தவர் சிரிக்கிறார்: ஒரு 'அப்பா' நடிகரின் பதில்கள்

அப்பா, மாமா, தாசில்தார், நீதிபதி என்று பல வருஷமாகத் திரையில் வந்துபோகும் குணச்சித்திர நடிகர் ஒருவரிடம் வாசகர்கள் கேட்டவை.

முதன்முதலில் அப்பா வேஷம் போட்டபோது உங்களுக்கு என்ன வயசு சார்?

32. வீட்டில் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். படத்தில் நான் மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் பெரிய விஷயமில்லை. 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் 60 வயசுக் கிழவராக வந்த வி.கே. ராமசாமிக்கு அப்போது 21 வயசுதான். 'மைக்கேல் மதன காமராஜ'னில் கமலுக்கு வளர்ப்பு அப்பாவாக வந்த டெல்லி கணேஷ், அவரைவிட 10 வயசுதான் பெரியவர். ஹீரோ தலைக்குக் கறுப்பு, எங்கள் தலைக்கு வெள்ளை. மேக்கப் ரூமில் வித்தியாசம் அவ்வளவுதான்.

இதுவரை எத்தனை தடவை செத்திருக்கிறீர்கள்?

அந்தக் கணக்கை என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். பிணமாகப் படுப்பது லேசு என்று நினைக்காதீர்கள். மூக்கில் பஞ்சு, தாடைக்கட்டு, நெற்றியில் காசு. சம்பங்கி மாலை கழுத்தை அரிக்கும், சொறிய முடியாது. சுற்றி இருப்பவர்களுக்குப் பக்கம் பக்கமாக வசனம் இருக்கும்; அதுவரை என் வயிறு ஏறி இறங்கக் கூடாது. ஒரு படத்தில் மனைவியாக நடித்த அம்மா உணர்ச்சிவசப்பட்டு என் வயிற்றில் பொத்தென்று விழுந்து அழ, பிணம் "ஐயோ" என்றது. மறுபடி டேக்!

ஷாட் முடிந்ததும் ஒரு சாங்கியம் உண்டு. எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். செத்தவர் நன்றாக இருக்கிறார் என்று பதிவாக வேண்டுமாம். பிலிம் இருந்த காலத்தில் அதை அடிக்கணக்கில் எண்ணிக் கொடுத்த தயாரிப்பாளர்கூட அந்தச் சிரிப்புக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

சம்பள பாக்கியை எப்படி வாங்குவீர்கள்?

டப்பிங் வரை பொறுமையாக இருப்பேன். கூப்பிட்டால் தொண்டை கட்டியிருக்கும். பாக்கி வந்ததும் திறந்துகொள்ளும். ஒரு தயாரிப்பாளர் என்னைவிடக் கெட்டிக்காரர், வேறு ஆளை வைத்துப் பேசி முடித்துவிட்டார். தியேட்டரில் என் மனைவி, "இந்தப் படத்துல உங்க குரல் நல்லா இருக்கே" என்றாள்.

வெளியே போனால் ரசிகர்கள் மொய்ப்பார்களா?

மொய்ப்பார்கள், பேர்தான் தெரியாது. "அந்தப் படத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாய்வீங்களே, அவர்தானே?" ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு ஓடிப்போனப்ப எனக்கே தாங்கலைங்க" என்றார், பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள், என் பையனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள்.

சீரியலில் ஏன் காணோம்?

கோமாவில் இருக்கிறேன். கதாசிரியர் எழுப்பினால் வருவேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்களேன்.

வேட்டியைச் சொந்தமாகக் கொண்டுபோங்கள். கம்பெனி வேட்டியைக் கட்டிக்கொண்டு யார் யார் செத்தார்களோ!