விரல் அசைகிறதே, எலும்பு முறிந்திருக்குமா?

கேள்வி: என் 7 வயது மகள் நேற்று மாலை சைக்கிளிலிருந்து கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் லேசான வீக்கம். விரல்களை அசைக்கிறாள், ஆனால் அந்தக் கையால் டம்ளரைத் தூக்க மறுக்கிறாள். "விரல் அசைஞ்சா முறிவு இல்ல, சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவிடலாம்" என்கிறார் மாமியார். உருவலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் அம்மா. இன்றே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

தசைநாண்கள் அறுபடாதவரை, உள்ளே எலும்பு முறிந்திருந்தாலும் விரல் அசையும். எனக்குக் கவலை தருவது அந்த டம்ளர்தான். ஓர் இரவு கழிந்த பிறகும் குழந்தை கையைப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்திருந்தால், முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை அதை முறிவாகவே எடுத்துக்கொள்வேன்.

பச்சை வேப்பங்குச்சியை வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நார் கிழியும், மறுபக்கம் வளைந்து நிற்கும், இரண்டு துண்டாகாது. குழந்தை எலும்பும் அப்படித்தான். சில நேரம் அதுகூட இல்லாமல், மணிக்கட்டுக்குச் சற்று மேலே நசுங்கிப் புடைத்துக்கொள்ளும். கை கோணாது, வீக்கமும் அதிகம் இருக்காது. அதனால்தான் இது சுளுக்கு என்று ஏமாற்றுகிறது.

எலும்பின் நுனியருகே, எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. இந்த வயதில் மூட்டைப் பிணைக்கும் நார்களைவிட அது பலவீனமானது. குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் தெரியாது. படம் நன்றாக இருந்தும் அந்த இடத்தைத் தொட்டால் வலிக்கிறது என்றால், கட்டுப் போட்டு 1 அல்லது 2 வாரத்தில் மறுபடி பார்ப்போம்.

புறப்படும் முன் வளையலைக் கழற்றிவிடுங்கள்; வீக்கம் ஏறினால் கழற்ற முடியாது. மடித்த செய்தித்தாளைக் கைக்கு அடியில் வைத்துத் தளர்வாகக் கட்டி, துப்பட்டாவால் கழுத்தில் தொங்கவிடுங்கள். வலிக்கு, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் தரலாம்.

மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்ட மட்டும் விடாதீர்கள். வீங்குகிற கையை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று தசை செத்துப்போகும். அப்படி விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். எலும்பை விடுங்கள், அந்தக் கையை மீட்பதுதான் கடினம். மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டிலும் இந்த ஆபத்து உண்டு. விரல் வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, நீட்டிவிடும்போது அலறினாலோ, நள்ளிரவானாலும் ஓடி வாருங்கள்.

மகளுக்கு நசுங்கல் முறிவு மட்டும்தான் என்றால், கழற்றி மாட்டும் பட்டையே போதும். 3 முதல் 4 வாரத்தில் கூடிவிடும். எக்ஸ்ரே படத்தை மாமியாருக்கும் காட்டுங்கள்; பேத்தி மேல் உள்ள அக்கறையில்தானே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார்.