காய்ச்சல் வராதப்ப எதுக்கு ஊசி?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் மகளிர் சுயஉதவிக்குழு நடத்துகிறேன். போன தீபாவளி சமயம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல், இருமல். சர்க்கரை உள்ள பெரியவர் ஒருவரை நிமோனியா என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஃப்ளூ தடுப்பூசி போட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று அங்கே சொன்னார்களாம். இதைக் குழுவில் சொன்னால், "காய்ச்சல் வந்தா ஊசி போட்டுக்கலாம், வராதப்ப எதுக்கு ஊசி?" என்று சிரிக்கிறார்கள். இந்த ஊசி உண்மையில் தேவையா? யாருக்கு, எப்போது? நான் எப்படிப் புரியவைப்பது, டாக்டரம்மா?

பதில்: அவர்கள் சிரிப்பதில் தப்பே இல்லை. நம் ஊரில் ஊசி என்றால் காய்ச்சலோடு போய் உட்கார்ந்ததும் இடுப்பில் போடுவது. கொஞ்ச நேரத்தில் வியர்த்துச் சூடு இறங்கும், ஊசி கேட்டுவிட்டது என்று வீட்டுக்கு வருவோம். அது சூட்டை இறக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. நீங்கள் சொல்வது தோளில் போடும் ஊசி. நோய் வருமுன்னே உடம்புக்கு எதிரியின் முகத்தைக் காட்டி வைப்பது அதன் வேலை. இரண்டுக்கும் பெயர் ஒன்றாகிப்போனதுதான் வம்பு. அதனால் அடுத்த கூட்டத்தில் ஊசியை விட்டுவிட்டு விதைநேர்த்தியில் ஆரம்பித்துப் பாருங்கள்.

சம்பாவுக்கு நாற்று விடுமுன் விதையில் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிரைக் கலந்த கைகள் உங்கள் குழுவிலேயே இருக்கும். குலைநோய் வந்த பிறகு மருந்து அடிப்பது வேறு, விதையை முன்கூட்டியே நேர்த்தி செய்வது வேறு என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேர்த்தி செய்த வயலில் நோயே வராது என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. போன வருஷம் செய்தோமே என்று இந்த வருஷம் விட்டுவிடுவதும் இல்லை.

ஃப்ளூ தடுப்பூசியும் வருஷா வருஷம்தான். காரணம் இரண்டு. ஊசி தந்த எதிர்ப்புச் சக்தி சில மாதங்களில் தேயத் தொடங்கிவிடும். அதோடு அந்த வைரஸ் சட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், பரவிக்கொண்டிருக்கும் வைரஸ்களைப் பார்த்து அடுத்த ஊசியில் எவற்றைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. போடுமுன் பெட்டியை வாங்கிப் பாருங்கள். எந்த ஆண்டுக்கான தயாரிப்பு, எப்போது காலாவதி என்று இருக்கும். மூன்று வகை வைரஸுக்கானது, நான்கு வகைக்கானது என்று இரண்டு உண்டு. நான்காவதாக இருந்த பி-யமகட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. ஆகவே மூன்று வகை ஊசிதான் கிடைக்கிறது என்றால் குறையாக நினைக்க வேண்டாம்.

எப்போது போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வட இந்தியச் செய்தியைக் கேட்டுவிட்டு ஜூனிலேயே அலைவார்கள், அல்லது எல்லாரும் இருமத் தொடங்கிய பிறகு ஓடி வருவார்கள். டெல்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ ஏறும், ஸ்ரீநகரில் குளிர்காலத்தில். சென்னை, வேலூர் கணக்குகளில் உச்சம் அக்டோபர், நவம்பர். நமக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான். குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போமே, அந்த நாட்கள்தான். தீபாவளிக்குக் கும்பகோணத்துத் துணிக்கடை நெரிசல், மூச்சு முட்டும் பஸ், மயிலாடுதுறை கடைமுழுக்கு எல்லாம் அதே ஐப்பசியில் வரும். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி ஊற இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே என் கணக்கு இது: வேளாங்கண்ணிக் கொடி இறங்கியதிலிருந்து புரட்டாசி முடிவதற்குள். தவறினால் ஐப்பசி, கார்த்திகையிலும் போடலாம், வீண் இல்லை.

யாருக்கு என்று கேட்டால் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லாருக்கும் என்பேன். ஆனால் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால் பெரும்பாலோர் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு ஊசியே பல நேரம் ஆயிரத்தைத் தாண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து பேருக்கும் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரிசை சொல்கிறேன். முதலில் கர்ப்பிணி. எந்த மாதத்திலும் போடலாம். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை இந்த ஊசி போட முடியாது, தாயிடமிருந்து போகும் எதிர்ப்புச் சக்திதான் அதற்குக் காவல். ஒரே ஊசியில் இரண்டு உயிர் என்பதால் முதலிடம். அடுத்து 65 தாண்டியவர்கள், எந்த வயதானாலும் சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். ஃப்ளூ வந்த வாரத்தில் மாரடைப்பு அபாயம் பல மடங்கு கூடுவது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். சளிதானே என்று விட்ட பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதன் பின்னால் சில நேரம் இதுவும் இருக்கும். பிறகு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். முதல்முறை போடும் சின்னக் குழந்தைகளுக்கு நான்கு வாரம் விட்டு இரண்டு தவணை.

இனி நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம். "இதைப் போட்டால் காய்ச்சலே வராது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஊசியும் பரவும் வைரஸும் நன்றாகப் பொருந்தும் ஆண்டில், ஃப்ளூவுக்காக டாக்டரிடம் போவது 40 முதல் 60 சதவீதம் வரை குறையும். வயதானவர்களிடம் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் வந்தாலும் நுரையீரலைப் பிடித்து ஐசியூ வரை இழுத்துப்போவது குறைகிறது. நம் மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் ஃப்ளூவும் இல்லை. டெங்கு உண்டு. சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் உண்டு. டைபாய்டு உண்டு. இவற்றில் எதையும் இந்த ஊசி தடுக்காது. இதை முன்பே சொல்லாவிட்டால், ஊசி போட்டவருக்கு எலிக்காய்ச்சல் வந்த அன்றே தெரு முழுக்க உங்கள் பெயர் கெடும். சொல்லிவைத்தால், "டாக்டரம்மா அப்பவே சொன்னாங்கல்ல" என்று அவர்களே பேசுவார்கள்.

ஊசியே காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்ற பேச்சுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். இங்கே வழக்கமாகப் போடும் ஊசியில் இருப்பது செத்த வைரஸ், அது ஃப்ளூவைத் தர முடியாது. கை வலிக்கும், சிலருக்கு ஓரிரு நாள் உடம்பு வலியும் லேசான சூடும் இருக்கும், அவ்வளவுதான். போட்ட பிறகு கால் மணி நேரமாவது அங்கேயே உட்கார வையுங்கள். முன்பு இந்த ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்களுக்குப் போடக் கூடாது. கை கால் தளர்ந்துபோகும் குல்லன்-பாரி நோய் வந்தவர்கள் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும். அன்றைக்கு நல்ல காய்ச்சல் இருந்தால் இறங்கிய பிறகு போடலாம்.

இன்னொன்று, மருந்துக்கடையில் வாங்கிப் பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுவந்து உள்ளூரில் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். இதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கெடும், ஐஸ் கட்டியோடு ஒட்டிக் கிடந்து உறைந்தாலும் கெடும். பத்து இருபது பேர் சேர்ந்துவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் பேசுங்கள். எங்கே சரியாக வைத்துப் போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பெரியவர்களுக்கு நிமோனியா தடுப்பூசி பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் தோளுக்கு ஒன்றாகப் போடலாம்.

காய்ச்சல் வந்துவிட்டால் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், டெங்குவாக இருந்தால் ஆபத்து. மேலே சொன்ன வரிசையில் உள்ளவர்கள் முதல் 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால் ஃப்ளூ வைரஸுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரை நன்றாக வேலை செய்யும். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ அன்றே பெரிய ஆஸ்பத்திரி.

என் அப்பாவிடமே மூன்று வருஷம் கெஞ்சினேன், அசையவில்லை. கோயில் திண்ணையில் அவரோடு உட்காரும் நண்பர் போட்டுக்கொண்டு வந்து கையைக் காட்டிய மறுநாள் தானாகக் கிளம்பினார். அதனால் உங்கள் குழுவில் முதலில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், டாக்டர் பேச்சு அப்புறம்.

எழுதி முடிக்கும்போது ஞாபகம் வருகிறது, இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: "முட்டையில செய்யுற ஊசியாமே, புரட்டாசி விரதத்துல போடலாமா?" பெரும்பாலான ஃப்ளூ ஊசிகளுக்கான வைரஸைக் கோழி முட்டையில்தான் வளர்க்கிறார்கள். பிறகு பிரித்துச் சுத்தம் செய்வதால் முட்டைப் புரதம் மிகச் சொற்பமே மிஞ்சும். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக்கூட இப்போது போடச் சொல்கிறார்கள். விரதம் அவரவர் மனசு, வாதாட வேண்டாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஆவணி கடைசி வாரத்திலேயே தேதி குறித்துவிடுங்கள்.