செவ்ரோலேயின் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் எட்டாம் தலைமுறை, புதிய கார்வெட் சி8, பழைய கார்வெட் மாதிரியே இல்லை என்று ரசிகர்கள் ஏன் குறைப்படுகிறார்கள்?

முக்கியக் காரணம் இன்ஜின் இருக்கும் இடம். 1953 முதல் விற்பனைக்கு வந்த எல்லா கார்வெட்டிலும் இன்ஜின் முன்னால்தான். 2020 மாடலாக வந்த சி8-இல் அது இருக்கைக்குப் பின்னால் போய்விட்டது, அதனால் நீண்ட பானெட்டும் பின்தள்ளி உட்காரும் அந்தப் பழைய தோரணையும் போயே போய்விட்டன. 1963 கார்வெட் ஸ்டிங் ரேயின் இரண்டாகப் பிரிந்த பின்கண்ணாடியை (அந்த ஒரே வருட மாடலில்தான் வந்தது) ரசித்தவர்களுக்கு இது ஃபெராரி மாதிரித் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் எடை பின்சக்கரங்கள் மேல் விழுவதால் கிளம்பும்போது பிடிமானம் அபாரம். அப்புறம், கார்வெட்டை வளர்த்தெடுத்த பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் 1960-களிலேயே இன்ஜினை நடுவில் வைக்கத்தான் போராடினார், ஆகவே இதை மரபை மீறியது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. சி8 அறிமுகமானபோது வந்த 6.2 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினும் பழைய புஷ்ராட் வகைதான், அதாவது வால்வுகளை நீளமான கம்பிகள் தள்ளித் திறக்கும் வகை. எனக்கு உண்மையிலேயே வலிப்பது ஒன்றுதான்: மேனுவல் கியர் கிடையாது.